வீட்டு ட்ரெய்னரில் பவர் மீட்டர்: வாட் எண்ணைச் சரியாகப் பெறுவது எப்படி?

மிதிக்கும் சக்தியை அளக்கும் பவர் மீட்டரோடு இணைந்த சைக்கிள் கம்ப்யூட்டர் 200 வாட் என்கிறது, ட்ரெய்னரோடு (சைக்கிளை வீட்டுக்குள்ளேயே நிறுத்தி மிதிக்க உதவும் கருவி) இணைந்த ஆப் 193 என்கிறது. எதை நம்புவது? புதிதாகப் பவர் மீட்டர் வாங்கியவர்களுக்கு முதலில் வரும் குழப்பம் இதுதான். பெரும்பாலும் இரண்டுமே சரியாகத்தான் இருக்கும். பெடலிலோ கிராங்கிலோ (பெடல் மாட்டியிருக்கும் கை) இருக்கும் மீட்டர், கால் கொடுக்கும் விசையை நேராக அளக்கிறது. ட்ரெய்னர் அளப்பதோ செயினைத் தாண்டி வந்து சேர்வதை. இடையில் உராய்வில் ஏறக்குறைய 2 முதல் 4 சதவீதம் போய்விடும். அதனால் ட்ரெய்னர் கொஞ்சம் குறைவாகக் காட்டுவது இயல்பு. அது அதிகமாகக் காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

படி 1: அமைப்புகளைப் பாருங்கள்

பெடல் வகை மீட்டர் என்றால் கிராங்க் நீளத்தைச் சரியாகப் பதிய வேண்டும். உண்மையில் 170 மி.மீ. இருக்க, 175 என்று பதிந்திருந்தால் 200 வாட் கிட்டத்தட்ட 206 ஆகிவிடும். நீளம் கிராங்கின் உள்பக்கத்திலேயே பொறித்திருக்கும்.

படி 2: சைக்கிள் அறைச் சூட்டுக்கு வரட்டும்

மீட்டருக்குள் இருப்பது, உலோகம் மயிரிழை அளவு வளைவதை அளக்கும் உணரி. சூடு மாறினால் உலோகமும் மாறும். வெளியே குளிரிலோ வெயிலிலோ இருந்த சைக்கிளைக் கொண்டுவந்த உடனே தொடங்காதீர்கள். கால் மணி நேரமாவது அறையில் நிற்கட்டும். அப்புறம் பத்து நிமிடம் மெதுவாக மிதியுங்கள்.

படி 3: ஜீரோ ஆஃப்செட்

பாரமே இல்லாத நிலைதான் பூஜ்யம் என்று மீட்டருக்குச் சொல்லிக்கொடுப்பது இது. இதைத் தவறவிட்டால் மற்றதெல்லாம் வீண். நிறுத்தி, இரண்டு ஷூவையும் பெடலிலிருந்து கழற்றுங்கள். பெடலில் துளி பாரமும் இருக்கக் கூடாது. பெரும்பாலான மீட்டர்களுக்குக் கிராங்க் நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். உங்களுடையதற்கு வேறு முறை இருந்தால் கையேட்டில் இருக்கும். சைக்கிள் கம்ப்யூட்டரிலோ மீட்டரின் ஆப்பிலோ 'கேலிப்ரேட்' அழுத்துங்கள். ஒரு எண் வரும். அது பெரியதா சிறியதா என்பது முக்கியமில்லை, போன தடவை வந்ததற்குப் பக்கத்தில் இருந்தால் போதும். திடீரென்று எங்கோ தாவினால் பேட்டரியையும் பெடல் இறுக்கத்தையும் பாருங்கள்.

படி 4: ட்ரெய்னரின் பங்கு

பின் டயர் உருளையில் அழுந்தும் வகை ட்ரெய்னர்தான் அதிகம் படுத்தும். டயர் சூடேறினாலும் காற்று குறைந்தாலும் எண் மாறும். ஒவ்வொரு தடவையும் ஒரே காற்றழுத்தம், உருளைக்கு ஒரே இறுக்கம். 10–15 நிமிடம் ஓட்டிச் சூடேறிய பிறகு ஆப்பில் ஸ்பின்டவுன் செய்யுங்கள்: அது கேட்கும் வேகத்துக்கு ஏறி, மிதிப்பதை நிறுத்தி, சக்கரம் தானாக நிற்கும்வரை விட வேண்டும். பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சைக்கிளை நேராக மாட்டும் டைரக்ட் டிரைவ் வகையில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

படி 5: ஒரே மூலத்தைத் தேர்ந்தெடுங்கள்

வெளியிலும் ஓட்டுபவர் என்றால் பவர் மீட்டரையே எல்லா இடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பில் பவர் மூலமாக மீட்டரையும், எதிர்ப்பைக் கட்டுப்படுத்த மட்டும் ட்ரெய்னரையும் இணையுங்கள். சில மீட்டர்கள் ப்ளூடூத்தில் ஒரு நேரத்தில் ஒரு கருவியோடுதான் பேசும். அப்போது சைக்கிள் கம்ப்யூட்டரை ஆன்ட் ப்ளஸ் (ப்ளூடூத் போன்ற இன்னொரு வயர்லெஸ் முறை) வழியாக இணைத்துவிடலாம். வீட்டில் மட்டும்தான் ஓட்டுகிறீர்களா? சரி, ட்ரெய்னர் எண்ணே போதும், மீட்டருக்குச் செலவழிக்கவே தேவையில்லை என்பது என் கருத்து.

படி 6: ஒப்பிட்டுப் பாருங்கள்

எர்க் மோடை (நீங்கள் சொன்ன வாட்டிலேயே நிற்கும்படி ட்ரெய்னரே எதிர்ப்பை மாற்றும் முறை) அணைத்துவிடுங்கள். அதில் பல ட்ரெய்னர்கள் எண்ணை வழவழப்பாக்கிக் காட்டும். நேர்க்கோடு போல ஓடும் 200 வாட்டைப் பார்த்துத் துல்லியம் என்று ஏமாந்துவிடக் கூடாது. 120, 160, 200 வாட்டில் ஐந்தைந்து நிமிடம் சீராக மிதித்து, இரண்டு கருவிகளிலும் சராசரியை மட்டும் எடுங்கள். நொடிக்கு நொடி வரும் எண்ணால் பயனில்லை.

வித்தியாசம் எப்படிப்பட்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மூன்றிலும் ஏறக்குறைய ஒரே சதவீதம் என்றால் செயின் இழப்பாக இருக்கலாம், கவலை வேண்டாம். சதவீதம் 5-ஐத் தாண்டினால் படி 1-க்குத் திரும்புங்கள். வேகத்தை மாற்றாமல் கியரை மட்டும் மாற்றி மிதிக்கும்போது வித்தியாசம் ஏறி இறங்கினால் ஜீரோ ஆஃப்செட் சரியில்லை. நேரம் போகப் போக வித்தியாசம் வளர்ந்தால் சூடுதான் காரணம். மிதிப்பதை நிறுத்தி மறுபடி ஜீரோ செய்யுங்கள்.

இடது கால் மட்டும் அளக்கும் மீட்டர் என்றால் இன்னொரு சிக்கல்: அது இடது எண்ணை இரட்டிப்பாக்கிக் காட்டும். மொத்தம் 200 வாட்டில் இடது கால் 48 சதவீதம்தான் தருகிறது என்றால் திரையில் 192தான் வரும். களைப்பில் இந்தப் பங்கு மாறவும் செய்யும், அதைக் கேலிப்ரேஷன் திருத்தாது.

மூலத்தை மாற்றினால் எஃப்.டி.பி. (ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்ச வாட்) சோதனையையும் அதே மூலத்தில் மறுபடி செய்யுங்கள். செய்யும்போது மின்விசிறி நேராக உங்கள் மேல் அடிக்கட்டும். புழுக்கத்தில் குறையும் வாட்டுக்கு மீட்டர் பொறுப்பல்ல.