பலகையை எடை போட்டு வாங்குங்கள்

எலெக்ட்ரிக் கிட்டார் செய்யப் பலகை தேடுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது மரத்தின் பெயரைத்தான். ஆல்டரா, மகோகனியா, ஆஷா? நான் பெயர் சொல்வதில்லை. பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை எடுத்து நீட்டுவேன். திருமண வரவேற்பில் நான்கு மணி நேரம் நின்று வாசிக்கிறவரின் தோளுக்கு மரத்தின் குலம் கோத்திரம் தெரியாது. கிலோ மட்டும்தான் தெரியும். செய்து முடித்த கிட்டார் 3.5 கிலோவுக்குள் இருந்தால் சுகம். 4 கிலோவைத் தாண்டினால் பாதிக் கச்சேரியிலேயே தோள் வாரை இடம் மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

பெயரை நம்ப முடியாது என்பதற்கு ஆஷ் மரமே சாட்சி. அமெரிக்காவின் ஃபெண்டர் கிட்டார் நிறுவனம் 1950-களின் தொடக்கத்தில் டெலிகாஸ்டர் என்ற தன் மாடலுக்குப் பயன்படுத்தியது அதைத்தான். மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பகுதிச் சதுப்புகளில் வளரும் மரத்தின் அடித்தண்டு தக்கையாக இருக்கும். மேட்டு நிலத்து ஆஷ் வைரம் பாய்ந்து கனக்கும். இரண்டும் ‘ஆஷ்’ என்றுதான் விலைப்பட்டியலில் வரும். 2020-இல் ஃபெண்டர் தன் வழக்கமான மாடல்களில் பெரும்பாலானவற்றிலிருந்து ஆஷை விலக்கியது. மரத்தைத் துளைக்கும் வண்டும் சதுப்பு நிலத்தில் நீடித்த வெள்ளமும் சேர்ந்து நல்ல பலகையை அரிதாக்கிவிட்டன. மகோகனியிலும் இதே கதைதான். ஆப்பிரிக்காவின் காயா மரமும் அதே பெயரில் விற்கப்படுகிறது. எல்லாம் ஒரே ரகம் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள்.

ஆகவே கடையிலேயே ஒரு கணக்குப் போடுங்கள். ஃபெண்டரின் இன்னொரு மாடலான ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவத்துக்கு 50 சென்டிமீட்டர் நீளம், 35 அகலம், 4.5 தடிமன் கொண்ட பலகை வேண்டும். மூன்றையும் பெருக்கினால் 7,875 கன சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய 7.9 லிட்டர். அந்தப் பலகை 3.6 கிலோ இருந்தால் லிட்டருக்கு 450 கிராமுக்குச் சற்றே மேல். நல்ல ஆல்டர் இப்படித்தான் இருக்கும். 5.3 கிலோ இருந்தால் லிட்டருக்கு 670. வடிவம் அறுத்து, தந்தியின் அதிர்வை மின் சைகையாக்கும் பிக்கப்புக்கான குழிகளும் கழுத்துக் குழியும் குடைந்த பிறகு பலகையில் ஏறக்குறைய பாதி எடைதான் மிஞ்சும். முதல் பலகை 1.8 கிலோ உடலாகும், இரண்டாவது 2.65. இந்த 850 கிராம் வித்தியாசத்தைப் பிற்பாடு எந்த வித்தையாலும் முழுமையாக ஈடுகட்ட முடியாது. கணக்குப் போடும் முன் பலகை காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஈரப் பலகையின் எடை பொய். போதாதற்கு அது வளையவும் செய்யும்.

ஒப்பிடச் சில எண்கள், லிட்டருக்குக் கிராம் கணக்கில்: பாஸ்வுட் 420, ஆல்டர் 450, மகோகனி 550 முதல் 600, தேக்கு 650, கடின மேப்பிள் 700. பாலோனியா 300-க்கும் கீழே போகும், ஆனால் நகம் பட்டாலே பள்ளம் விழும். வீட்டில் பழைய தேக்குக் கதவு கிடக்கிறது, அதில் செய்யலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம், உள்ளே குடைந்தால்.

இனி கட்டுமானம். ஸ்ட்ராட்டோகாஸ்டர் உடலின் முகப்பரப்பு சுமார் 900 சதுர சென்டிமீட்டர். தடிமனில் ஒரு மில்லிமீட்டர் குறைத்தால் 40 முதல் 50 கிராம் போகும். ஆசைப்பட்டு 40 மில்லிமீட்டருக்கு இழைத்துவிட்டால், ட்ரெமோலோ பிரிட்ஜின், அதாவது தந்திகளைத் தாங்கி, கைப்பிடியால் அசைத்துச் சுருதியை ஆட்டும் பாகத்தின், இரும்புக் கட்டை பின்பக்கம் எட்டிப்பார்க்கும். அசையாத பிரிட்ஜ் போடுவதானால் அந்தச் சிக்கல் இல்லை. மேல்முகத்தில் 6 மில்லிமீட்டர் மேப்பிள் தகடு ஒட்டுவது அழகுதான். அதே தடிமன் ஆல்டரைவிட 130 கிராம் கூடுதல் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். 1952-இல் கிப்சன் நிறுவனம் கொண்டுவந்த லெஸ் பால் கிட்டார் கனக்கிறதென்றால் தடித்த மகோகனியும் அதன் மேல் செதுக்கிய மேப்பிளும்தான் காரணம். 1961-இல் அதே நிறுவனம் மேப்பிளை விட்டுவிட்டு, உடலையும் மெலிதாக்கியது. இன்று எஸ்ஜி என்று சொல்கிறோமே, அதுதான்.

குடைவதில் துளை வேறு, அறை வேறு. 1980-களில் கிப்சன் லெஸ் பாலின் உள்ளே ஒன்பது துளைகள் போடத் தொடங்கியது. 38 மில்லிமீட்டர் விட்டம், 35 ஆழம் என்று நீங்கள் துளையிட்டால் ஒரு துளையில் 40 கன சென்டிமீட்டர் போகும். மகோகனியில் 24 கிராம். ஒன்பது போட்டாலும் 200 கிராம் சொச்சம்தான். 1968-இன் டெலிகாஸ்டர் தின்லைனில் பின்பக்கமாகப் பெரிய அறைகள் குடைந்து மெல்லிய பலகையால் மூடினார்கள். அந்த வழியில் அரைக் கிலோ வரை குறைக்கலாம்.

அறை குடையும் முன் உடலின் மேல் பென்சிலால் ‘தொடக்கூடாத’ இடங்களை நிழலிடுங்கள். கழுத்துக் குழியிலிருந்து பிரிட்ஜைத் தாண்டி அடிவரை, பிரிட்ஜை விட இரு பக்கமும் இரண்டு விரல் அகலம் கூடுதலாக, நடுக்கட்டை முழுசாக இருக்கட்டும். வார் திருகும் முனைகளைச் சுற்றித் தாராளமாக மரம் விடுங்கள். ஓரச் சுவர் 12 மில்லிமீட்டர், தரை 6. பலரும் மறப்பது வயிற்றுச் சரிவு: பின்பக்கம் உடம்போடு படியச் செதுக்கும் அந்த இடத்தில் அறை வைத்தால், பிறகு அரம் போடும்போது மரம் மெலிந்துகொண்டே வந்து ஒருநாள் வெளிச்சம் தெரியும். சரிவின் கோட்டை முதலில் வரைந்துவிட்டு, அதற்கு உள்ளே ரூட்டரை (மரம் குடையும் இயந்திரத்தை) இறக்காதீர்கள். ஒரே மூச்சில் ஆழமாக இறக்கவும் வேண்டாம். தடவைக்கு 5 மில்லிமீட்டர் போதும்.

ஓசை கெட்டுவிடுமோ என்ற கவலைக்கு என் அபிப்பிராயம்: ஆம்ப் என்கிற ஒலிபெருக்கி வழியே கேட்பதில் பெரும்பங்கு பிக்கப்புக்கும் தந்திக்கும் வாசிக்கிற கைக்கும்தான். அரைக் கிலோ மரத்துக்காக நான் தூக்கம் கெடுத்துக்கொள்வதில்லை.

உடல் இளைத்தால் கழுத்து கீழே சாயும், இதுதான் அசல் தொல்லை. மேப்பிள் கழுத்தும் அதன் மேல் ஈட்டி மரப் பலகையும் கனமானவை. நுனியில் தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் ஆறு டியூனர்கள் வேறு. மூடிய வார்ப்பு டியூனர்களுக்குப் பதில் திறந்த பழைய பாணி டியூனர்களைப் போட்டால் நுனியில் எடை கணிசமாகக் குறையும், அங்கே குறையும் ஒவ்வொரு கிராமும் உடலில் குறைவதைவிட மதிப்புள்ளது. தோள் வாரை மாட்டும் பொத்தானுக்கு முன்கூட்டியே துளையிடாதீர்கள். எல்லா உலோகமும் ஏறி, தந்தியும் கட்டிய பிறகு ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, வாரை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, இடது கையை விட்டாலும் கழுத்து நிற்கும் இடத்தில் குறி வையுங்கள்.