நெல் காய்ந்துவிட்டதா? உப்புப் போத்தல் சொல்லும்

நெல்லைச் சாக்கில் கட்டுமுன், ஈரமில்லாத கண்ணாடிப் போத்தல் ஒன்றில் கால்வாசி நெல்லும் இரண்டு மேசைக்கரண்டி தூள் உப்பும் போட்டு மூடி, ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். கால்மணி நேரம் அசையாமல் வைத்துவிட்டுப் பாருங்கள். உப்பு கண்ணாடியில் அப்பிக்கொண்டிருந்தால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். இன்னொரு வெயில் வேண்டும். பொலபொலவென்று அடியில் கிடந்தால் ஓரளவு காய்ந்துவிட்டது.

காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் உப்பு கசியத் தொடங்கும். மூடிய போத்தலுக்குள் அந்த அளவுக்கு ஈரம் விடுவது 15 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ ஈரமுள்ள நெல். தை, மாசிப் பனியில் காலபோக நெல்லை வெட்டுமெசின் பச்சையாகவே கொட்டிவிட்டுப் போகும் நாட்களில் இது நல்ல கைகாவல். வேலியடியில் நின்று "கடிச்சுப் பார்த்தனான், டக்கெண்டு உடையுது, கட்டலாம்" என்பார்கள். பல்லுக்குப் பல் வித்தியாசம்!

உப்பு முதலில் காய்ந்திருக்க வேண்டும். ஆனையிறவுக் கல்லுப்பு என்றால் சட்டியில் வறுத்து, ஆறவிட்டு, பொடித்துக்கொள்ளுங்கள். வெயிலில் கிடந்த சூட்டோடு நெல்லைப் போட்டாலும் கணக்குப் பிழைக்கும்.

விதைநெல்லுக்கு இது போதாது, அதற்கு ஈரம் 13 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்பதும் 14 சதவீதம். அங்கே கொண்டுபோவதென்றால் ஈரமானியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். உடனே அவித்துக் குத்தப் போகிற நெல்லுக்கு இந்தச் சோதனையே தேவையில்லை.