ராலி பந்தயத்துக்கு இறங்கும் சின்ன கார்: முதலில் பிரேக் ஆயில்

இன்ஜினில் கை வைக்கும் முன் பிரேக்கைப் பாருங்கள். ஸ்விஃப்ட், போலோ மாதிரியான காரில் மலை இறக்கத்தில் பெடல் பஞ்சு போல அமுங்கினால், பெரும்பாலும் ஆயில் கொதித்து ஆவி கட்டியிருக்கும். டாட் 4 என்ற தரத்திலான பிரேக் ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் தாங்கும். ஈரம் ஏறினால் 155 வரை இறங்கிவிடும். பழையதை முழுசாக வெளியேற்றி, சீல் பிரிக்காத டப்பாவிலிருந்து டாட் 5.1 ஊற்றுங்கள், ஒரு லிட்டர் தாராளம். டாட் 5 சிலிகான் வகை, கலக்கவே கூடாது.

பழையதை வெளியேற்ற, சக்கரத்தின் பிரேக்கில் இருக்கும் நிப்பிளில் (ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகு) கண்ணாடிக் குழாய் வேண்டாம், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் மாட்டுங்கள். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூடிய பிறகே காலை எடுக்கவேண்டும். பழைய காரில் பெடலைத் தரைவரை மிதிக்காதீர்கள். பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரின் சீல் கிழியலாம். மாஸ்டர் சிலிண்டருக்கு மேலே இருக்கும் டப்பாவில் ஆயில் வற்றினால் காற்று புகுந்து, வேலை மறுபடி முதலிலிருந்து.