பழைய மேசைக் கடிகாரமும் சுவர்க் கடிகாரமும்: முகத்தைப் பார்க்கும் முன் முதுகைப் பாருங்கள்

பழைய கடிகாரம் ஒன்று விலைக்கு வரும்போது பெரும்பாலானோர் முதலில் கேட்கும் கேள்வி, "ஓடுகிறதா?" என்பதுதான். அது இரண்டாம் பட்சமான கேள்வி. நின்றுபோன கடிகாரத்தை ஓட வைத்துவிடலாம். ஆனால் மாற்றப்பட்ட இயந்திரத்தையும், சுரண்டி எடுக்கப்பட்ட பழைய மெருகையும், தூக்கி எறியப்பட்ட டயலையும் திரும்பப் பெற முடியாது. ஆகவே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பெட்டி, இயந்திரம், டயல், முட்கள், பெண்டுலம் ஆகிய ஐந்தும் தொடக்கத்திலிருந்தே ஒன்றாக இருந்தவையா, அல்லது யாரோ பின்னாளில் ஒன்றுசேர்த்தவையா என்பதே.

இதைக் கண்டறிய ஒரு சிறிய டார்ச் விளக்கும் பொறுமையும் போதும். விற்பவரின் அனுமதியோடு பெண்டுலத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மேசைக் கடிகாரமானால் பின்கதவையும், சுவர்க் கடிகாரமானால் முன்கதவையும் திறந்து, இயந்திரம் பெட்டியோடு பொருந்தியிருக்கும் இடத்தில் வெளிச்சத்தைப் பாய்ச்ச வேண்டும். இப்போது இருக்கும் திருகுகளுக்கு அருகிலேயே பயனற்ற பழைய துளைகள் இருந்தாலோ, அவை மெழுகாலோ மரத்தூள் பசையாலோ அடைக்கப்பட்டிருந்தாலோ, அந்தப் பெட்டியில் முன்பு வேறோர் இயந்திரம் குடியிருந்தது என்று பொருள். நான் தொடக்கக் காலத்தில் ஆசையோடு வாங்கிய சுவர்க் கடிகாரம் ஒன்றில் இத்தகைய துளைகள் நான்கு இருந்தன. வீட்டுக்குக் கொண்டுவந்து பின்பலகையைத் துடைத்தபோதுதான், மணியோசை எழுப்ப இப்போதிருக்கும் கம்பிச் சுருளுக்கு இரண்டு விரற்கடை கீழே, முன்பிருந்த சுருளின் அடித்தகடு விட்டுச்சென்ற வட்டமான வெளிர்தடமும் தெரிந்தது. மரம் எதையும் மறப்பதில்லை.

முன்பக்கத்திலும் தடயங்கள் உண்டு. சாவி நுழையும் அச்சு டயலிலுள்ள துளையின் நடுவில் நிற்க வேண்டும். ஓரமாக ஒதுங்கி நின்றால் டயலோ இயந்திரமோ வேறிடத்திலிருந்து வந்திருக்கலாம். பெண்டுலத்தின் குண்டு கண்ணாடியில் அதற்கென விடப்பட்ட திறப்புக்குள் தெரியாமல் மேலேயோ கீழேயோ மறைந்தால், அதுவும் ஐயத்துக்குரியதே. கூட்டல் குறி போன்ற தலையுடைய திருகுகள் 1930-களின் நடுப்பகுதிக்குப் பிறகே புழக்கத்துக்கு வந்தவை என்பதால், அதற்கு முற்பட்டது என்று சொல்லப்படும் கடிகாரத்தில் அவை இருந்தால், குறைந்தது அந்த இடத்திலாவது யாரோ கைவைத்திருக்கிறார்கள். பிரெஞ்சு மேசைக் கடிகாரங்களில் இந்தச் சோதனை இன்னும் எளிது. அவற்றின் வட்டமான இயந்திரத்தின் பின்தகட்டில் பொறித்துள்ள எண்ணே பெரும்பாலும் பெண்டுலத்திலும் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒத்திருந்தால் மகிழலாம். அத்தகட்டில் சற்று இடைவெளி விட்டுக் காணப்படும் வேறு இரு சிறிய எண்கள், பெண்டுலத்தின் நீளத்தைப் பழைய பிரெஞ்சு அங்குலக் கணக்கில் குறிப்பவை. அவற்றைத் தொடர் எண் என்று நினைத்துக் குழம்பக்கூடாது.

அடுத்தது முத்திரை. எட்டு முனை நட்சத்திரத்துக்குள் ஆங்கில 'ஜே' எழுத்து இருந்தால் அது 1861-இல் ஜெர்மனியின் ஷ்ராம்பெர்க் நகரில் தொடங்கப்பட்ட யுங்ஹான்ஸ் நிறுவனத்தினுடையது. ஒன்றையொன்று வெட்டும் இரண்டு அம்புகள், ஹாம்பர்க்-அமெரிக்கன் என்ற ஜெர்மானியக் கடிகார நிறுவனத்தின் அடையாளம். 1847-இல், இன்று பெரும்பாலும் போலந்தில் உள்ள சைலீசியாவில் தொழில் தொடங்கிய குஸ்டாவ் பெக்கரின் இயந்திரங்களில் நங்கூரச் சின்னமும் தொடர் எண்ணும் இருக்கும். அந்த எண் 1892-இல் 10 லட்சத்தைத் தொட்டது என்பதால், எண்ணைக் கொண்டே காலத்தை ஓரளவு கணிக்கலாம். ஆனால் இன்றைய செக் நாட்டிலுள்ள பிரவுனவ் நகரில் அந்த நிறுவனம் நடத்திய தொழிற்சாலைக்குத் தனி எண் வரிசை இருந்ததை மறந்துவிட்டுக் கணக்குப் போடுவோர் தவறான ஆண்டைச் சொல்லிவிடுவார்கள். அமெரிக்காவின் செத் தாமஸ் கடிகாரங்களில் ஒரு வேடிக்கை உண்டு: பல பெட்டிகளின் அடிப்புறத்தில் ஆண்டு தலைகீழ் வரிசையில் அச்சிடப்பட்டிருக்கும். 8981 என்று கண்டால் அது 1898.

இறக்குமதிப் பொருள்களில் அவை உருவான நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் சட்டம் இயற்றியதால், இயந்திரத்தில் நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருப்பின் அது பெரும்பாலும் அதற்குப் பிந்தியதாக இருக்கும். பெயர் இல்லை என்பதற்காக மட்டும் முந்தியது என்று முடிவு கட்டலாகாது. மேலும் ஒன்று: முத்திரை இயந்திரத்தின் வயதை மட்டுமே சொல்கிறது. பெட்டியின் வயதை மரமும், கீல்களும், உள்ளே ஒட்டிய காகிதச் சீட்டும்தான் சொல்ல வேண்டும். கிழிந்து பழுப்பேறிய அந்தச் சீட்டைத் துடைத்துவிடாதீர்கள். அதற்கும் விலை உண்டு.

பொருளை அறிந்துகொள்வதில் பலர் ஏமாறுகிறார்கள். கருங்கல் போலத் தோன்றும் மேசைக் கடிகாரங்கள் எல்லாம் கல் அல்ல. பிரான்சில் செய்யப்பட்டவை பெரும்பாலும் பெல்ஜியத்துக் கருநிறக் கல்லால் ஆனவை; ஒருவரால் எளிதில் தூக்க முடியாத அளவுக்குக் கனக்கும், தொட்டால் குளிரும். அதே தோற்றத்தை அமெரிக்க நிறுவனங்கள் மரத்திலும் வார்ப்பிரும்பிலும் கொண்டுவந்தன. செத் தாமஸ் 1880-களில் மரத்தின்மேல் செல்லுலாய்டு என்ற தொடக்கக்கால பிளாஸ்டிக் தகட்டை ஒட்டி, பளிங்கு போல் காட்டியது. பொன்முலாம் பூசிய சிலைகளிலும் இதே கதைதான். வெண்கலத்தின் விலை வேறு, துத்தநாகக் கலவையின் விலை வேறு. சிலையின் அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஏற்கெனவே உள்ள கீறலைப் பாருங்கள்: உள்ளே மஞ்சள் தெரிந்தால் வெண்கலம், சாம்பல் நிறம் தெரிந்தால் துத்தநாகம். நீங்களாகப் புதுக் கீறல் போட வேண்டாம்.

சுவர்க் கடிகாரங்களில் என் மனம் எப்போதும் சாய்வது, கண்ணாடிக் கதவுள்ள நீண்ட பெட்டிக்குள் பெண்டுலம் ஆடும் வியன்னா ரெகுலேட்டர் வகையின் பக்கம். அவற்றுள் சுருள்வில்லால் ஓடுபவற்றைவிட எடைக்கல்லால் ஓடுபவற்றுக்குப் பொதுவாக மதிப்பு அதிகம். ஓர் எடை என்றால் நேரம் காட்டுவது மட்டும். இரண்டு என்றால் மணியும் அடிக்கும். மூன்று என்றால் கால் மணிகளையும் அடிக்கும், கிடைப்பதும் அரிது. இவற்றின் நொடி முள்ளை நம்பிவிடாதீர்கள். பெண்டுலம் ஏறக்குறைய 56 செ.மீ. நீளமுடையதாக இருந்தால் அது நிமிடத்துக்கு 80 முறை வீசும் (ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவது ஒரு வீச்சு). ஒரு பல் நகர இரண்டு வீச்சு ஆகும் என்பதால், 30 பல் கொண்ட சக்கரத்தோடு இணைந்த முள் 45 நொடியிலேயே ஒரு சுற்றை முடித்துவிடும். டயலில் 60 கோடுகள் இருந்தும் அது நிமிடத்தைக் காட்டாது. இது பழுது அல்ல; அப்படியே செய்யப்பட்டது. உண்மையான நொடியைக் காட்ட ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான, அதாவது 99.4 செ.மீ. அளவிலான பெண்டுலம் தேவை. அதைத் தாங்கும் பெட்டி உயரமானது, விலையும் அதற்கேற்ப உயரும்.

இயந்திரத்தின் உடல்நிலையை அறிய, பின்தகட்டில் சக்கர அச்சுகள் நுழையும் துளைகளைக் கவனியுங்கள். துளை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவமாகி, சுற்றிலும் கறுத்த எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தால் தேய்மானம் முற்றிவிட்டது. துளையைச் சுற்றி ஆணியால் குத்திய புள்ளிகள் தெரிந்தால், யாரோ புது உறை பொருத்தாமல் பித்தளையை நசுக்கிச் சமாளித்திருக்கிறார்கள். அதைச் சரிசெய்யக் கூடுதல் வேலை ஆகும். சுருள்வில் அறுந்திருந்தால் அது மட்டும் செலவல்ல. அறுந்த வேகத்தில் அருகிலுள்ள சக்கரப் பற்களையும் வளைத்திருக்கலாம். முறுக்கேறிய நிலையில் தகடுகளின் திருகுகளை எந்தக் காரணம் கொண்டும் கழற்றக்கூடாது. விரலை இழக்க நேரிடும். அந்த வேலையைக் கடிகாரப் பணியாளரிடம் விடுங்கள்.

துப்புரவு செய்யும் ஆர்வமே பழங்கடிகாரங்களின் முதல் எதிரி. சுருக்கம் விழுந்த பழைய அரக்கு மெருகைச் சுரண்டிவிட்டுப் புதிய வார்னிஷ் பூசிய பெட்டி, எத்தனை பளபளத்தாலும் பாதி மதிப்பை இழந்ததாகவே நான் கருதுவேன். எனாமல் டயலிலுள்ள மயிரிழைக் கீறலைச் சேகரிப்போர் பொறுத்துக்கொள்வர். புதிதாக அச்சிட்டு ஒட்டிய காகித டயலைப் பொறுக்க மாட்டார்கள்.

இனி விலை. முதல் விதி: விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், ஏலங்களில் உண்மையில் விற்றுமுடிந்த விலையைப் பாருங்கள். அதே நிறுவனம், அதே வகை, அதே நிலை என மூன்றும் பொருந்தும் விற்பனைகள் சிலவற்றைத் திரட்டி, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் ஒதுக்கிவிட்டு நடுவிலுள்ளதை அடிப்படையாகக் கொள்ளலாம். ஏல நிறுவனம் வாங்குபவரிடம் தனியாக வசூலிக்கும் கட்டணம், சுத்தியல் விலையில் (சுத்தியலைத் தட்டி ஏலத்தை முடிக்கும் விலையில்) சேராது என்பதைக் கணக்கில் வையுங்கள். பிறகு பழுதுபார்ப்புச் செலவைக் கழியுங்கள். சாதாரணக் கடிகாரங்கள் பலவற்றில் இந்தக் கழித்தல் முடிந்தபின் மிஞ்சுவது பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும். நூறு ஆண்டு கடந்த அமெரிக்கக் கருநிற மேசைக் கடிகாரங்கள் பெருமளவில் உற்பத்தியானவை ஆதலால் இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன; வயது மட்டுமே விலையைத் தருவதில்லை. காப்பீட்டுக்காகச் சொல்லப்படும் தொகை, அதேபோன்ற ஒன்றைக் கடையில் திரும்ப வாங்க ஆகும் தொகை. நீங்கள் விற்றால் கிடைப்பது அதைவிடக் குறைவு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு மனம் நொந்தவர்கள் பலர்.

வாங்கியதைக் கொண்டுவரும்போது பெண்டுலத்தையும் எடைக்கற்களையும் கழற்றித் தனித்தனியே துணியில் சுற்றி வையுங்கள்; பெண்டுலம் ஆடியபடியே பயணம் செய்தால் அதைத் தாங்கும் மெல்லிய எஃகு இதழ் முறுக்கிக்கொள்ளும். வீட்டில் நிறுத்தியபின் ஒலியைக் கேளுங்கள். 'டிக்' என்பதற்கும் 'டாக்' என்பதற்கும் இடையே உள்ள இடைவெளி சமமாக இல்லையெனில், பெட்டியை இடமோ வலமோ மிகச் சிறிதளவு சாய்த்து, சீரான ஒலி வரும் நிலையைக் கண்டுபிடியுங்கள். வேகத்தைத் திருத்தப் பெண்டுலத்தின் அடியிலுள்ள மரையைத் திருகுங்கள்: குண்டு உயர்ந்தால் கடிகாரம் விரையும், தாழ்ந்தால் சுணங்கும். ஏறக்குறைய 25 செ.மீ. நீளமுள்ள பெண்டுலத்தில் 1 மி.மீ. மாற்றமே ஒரு நாளில் 3 நிமிட வேறுபாட்டைத் தரும் என்பதால், ஒரு முறைக்கு அரைச் சுற்றுக்கு மேல் திருகாமல், மறுநாள் பார்த்து மீண்டும் திருத்துங்கள். மரை புரியின் ஒரு முனைக்கே போய்ச் சேர்ந்தும் நேரம் சரிப்படவில்லையென்றால், அந்தப் பெண்டுலம் பெரும்பாலும் அந்தக் கடிகாரத்துக்கு உரியது அல்ல. விலை பேசும்போது பார்க்கத் தவறிய ஒன்றை அது இப்போது காட்டிக்கொடுக்கிறது.