பழைய பிக்கப்புக்கு ஆட்டோ கியர்பாக்ஸ்: வாங்கும் முன்பும் மாட்டிய பின்பும் நடக்கும் தவறுகள்

கோலாலம்பூரைச் சுற்றியுள்ள ஹாஃப்கட் கடைகளில் ஆட்டோ கியர்பாக்ஸ் தேடுவது பெரிய வேலை இல்லை. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வந்த டொயோட்டா சர்ஃப், பிராடோ வண்டிகளின் ஏ340 குடும்பத்து பாக்ஸ்கள் தரையில் வரிசையாகக் கிடக்கும். பழைய டீசல் ஹைலக்ஸ் வைத்திருப்பவர் விலை கேட்பார், பேரம் பேசுவார், வாங்கி ஏற்றிவிடுவார். பட்டறையில் எஞ்சினோடு மாட்டி முடித்த பிறகுதான் "இதுக்கு கம்ப்யூட்டர் எங்கண்ணே?" என்று போமன் (பட்டறை மெக்கானிக்) கேட்பார். அந்தக் கேள்வியைக் கடையிலேயே கேட்டிருக்க வேண்டும். இந்த வேலையில் பணம் வீணாகும் இடங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கின்றன.

ஆட்டோ பாக்ஸுக்கு இரண்டு சேதிகள் தெரிந்தாக வேண்டும்: வண்டி எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது, எஞ்சின் மீது எவ்வளவு சுமை இருக்கிறது. எந்த கியர் என்பதை முதல் சேதியும் இரண்டாவதும் சேர்ந்து முடிவு செய்கின்றன. கிளச் தட்டுகளை எவ்வளவு எண்ணெய் அழுத்தத்தில் இறுக்கிப் பிடிப்பது என்பதோ முழுக்க இரண்டாவதைப் பொறுத்தது. சுமை தெரியாத பாக்ஸ் குறைந்த அழுத்தத்தில் பிடிக்கும், தட்டு வழுக்கும், கருகும். நல்ல பாக்ஸ்கூட சில நாளில் காலி.

இந்தச் சேதி போகும் வழியை வைத்து பாக்ஸ்களை மூன்று வகையாகப் பார்க்கலாம். முழுக்க ஹைட்ராலிக்கில் ஓடுபவை ஒரு வகை. இவற்றுக்கு ஒரு த்ராட்டில் கேபிள் போதும், கம்ப்யூட்டர் வேண்டாம். இரண்டாவது வகையில் கியர் மாற்றம் சோலினாய்டு (மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வு) வழியாகவும் அழுத்தம் கேபிள் வழியாகவும் நடக்கும். பழைய ஏ340 ரகங்கள் பல இப்படித்தான். மூன்றாவது வகையில் அழுத்தமும் மின்சாரத்தில். அதில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் லீனியர் சோலினாய்டுகள் இருக்கும், கண்ட்ரோலர் (பாக்ஸை இயக்கும் கம்ப்யூட்டர்) இல்லாமல் அது வெறும் அலுமினியக் கட்டி. மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய டீசலுக்கு முதல் இரண்டு வகைதான் எங்கள் தேர்வு. மூன்றாவதை வாங்குகிறவர் தனி கண்ட்ரோலருக்கும் அதை டியூன் செய்வதற்கும் சேர்த்துக் கணக்குப் போடட்டும்.

"அதே ஹாஃப்கட்டிலிருந்து கம்ப்யூட்டரையும் கழற்றிக்கொள்கிறேன்" என்பது இன்னொரு பொறி. டொயோட்டாவில் பெரும்பாலும் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒரே பெட்டிதான் கவனிக்கிறது. மின்னணுக் கட்டுப்பாடு உள்ள 1கேஇசட்-டிஇ டீசல் எஞ்சினின் சென்சார்களை எதிர்பார்க்கும் பெட்டியை, மெக்கானிக்கல் பம்ப் உள்ள 3எல், 5எல் எஞ்சின் வண்டியில் வைத்தால், வராத சிக்னலுக்காக அது காத்துக்கொண்டே இருக்கும். பிறகு ஃபால்ட் போட்டுப் படுத்துவிடும்.

<b>பம்ப் நெம்புகோல் பொய் சொல்லும்</b>

தனி கண்ட்ரோலர் போடுகிறவர்கள் டீசல் பம்பின் நெம்புகோலில் ஒரு டிபிஎஸ் சென்சாரை (மிதி எவ்வளவு நகர்ந்தது என்பதை வோல்ட்டாகச் சொல்வது) பொருத்துவார்கள். ஐடிலில் சுமார் 0.5 வோல்ட், முழு மிதியில் சுமார் 4.5 வோல்ட் வரும்படி வைப்பது வழக்கம். அதுவரை சரி. ஆனால் பல பழைய டீசல் பம்புகளில் எல்லா வேகத்தையும் கவனிக்கும் கவர்னர் இருக்கிறது. அதில் நெம்புகோல் சொல்வது "இத்தனை ஆர்பிஎம் வேண்டும்" என்பதை மட்டும்தான். எவ்வளவு டீசல் ஊற்றுவது என்பதை கவர்னர் முடிவு செய்யும். மேட்டில் பாதி மிதியிலேயே அது முழு டீசலையும் ஊற்றிக்கொண்டிருக்கலாம். கண்ட்ரோலரோ பாதிச் சுமைதான் என்று நினைத்துப் பாதி அழுத்தம் கொடுக்கும். டர்போ வண்டியானால் பூஸ்ட் அழுத்தத்தைப் படிக்கும் மேப் சென்சாரை இரண்டாவது சிக்னலாகச் சேருங்கள். டர்போ இல்லாவிட்டால் அழுத்த அட்டவணையைத் தாராளமாக, உயர்த்தியே வையுங்கள். கியர் விழும்போது கொஞ்சம் உதைக்கும். உதைத்தால் உதைக்கட்டும், வழுக்குவதுதான் ஆபத்து.

கேபிள் ரகத்தில் தவறு இன்னும் சின்னது, விளைவு அதேதான். பம்ப் நெம்புகோல் நகரும் தூரமும் பாக்ஸின் கேபிள் நகர வேண்டிய தூரமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். இரண்டையும் அளவுகோல் வைத்து அளந்து, நெம்புகோலில் கேபிளைக் கோக்கும் ஆரத்தைக் கூட்டிக் குறைத்துச் சமன் செய்ய வேண்டும். ஏ340 கேபிளில் ஒரு சிறிய உலோகக் குண்டு நசுக்கப்பட்டிருக்கும். ஒருவர் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடிக்க, ரப்பர் உறையின் முனைக்கும் அந்தக் குண்டுக்கும் இடையே 0 முதல் 1 மி.மீ. இருக்க வேண்டும். காலை எடுத்ததும் கேபிள் முழுதாகத் திரும்ப வேண்டும். பாக்ஸைத் திறந்தவர்கள் கேபிளை மாற்றியிருந்தால் அந்தக் குண்டு சரியான இடத்தில் இருக்கும் என்று நம்பாதீர்கள்.

<b>நல்ல பாக்ஸைக் கெட்டதென்று கழற்றுவது</b>

மாட்டி ஓட்டினால் வண்டி இழுக்கவில்லை, மெதுவாக உருள்கிறது. உடனே கடைக்காரரைத் திட்டிக்கொண்டு பாக்ஸைக் கழற்றுகிறார்கள். சோலினாய்டு 1, 2 இரண்டுக்கும் மின்சாரம் வராவிட்டால் ஏ340 பாக்ஸ் 'டி' நிலையில் நேராக நான்காவது கியரில் நிற்கும். முதல் கியருக்கு சோலினாய்டு 1 மட்டும், இரண்டாவதுக்கு இரண்டும், மூன்றாவதுக்கு 2 மட்டும். நான்காவதுக்கு எதுவும் வேண்டாம். ஆகவே கனெக்டரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். 'எல்' நிலையில் முதல் கியர், '2' நிலையில் மூன்றாவது, 'டி' நிலையில் நான்காவது வந்தால் பாக்ஸின் உள்வேலை சரி, கோளாறு வயரிங்கில். மீட்டரில் ஒவ்வொரு கியர் சோலினாய்டும் பாக்ஸின் உடம்புக்கு (எர்த்துக்கு) 11 முதல் 15 ஓம் காட்ட வேண்டும். லீனியர் சோலினாய்டுக்கு சுமார் 5 ஓம்தான். அதில் பேட்டரியை நேரடியாகத் தொடவைத்தால் கருகிவிடும். 21 வாட் பல்பைத் தொடராக இணைத்துச் சோதியுங்கள்.

இரண்டு டாக்கல் சுவிட்ச் வைத்து கியரைக் கையாலேயே மாற்றும் ஏற்பாட்டையும் சில இடங்களில் பார்க்கலாம். ஓடும், இல்லையென்று சொல்லவில்லை. வண்டியைக் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோக அது போதும். அன்றாடம் ஓட்டப் போதாது: 100 கி.மீ. வேகத்தில் கை தவறி இரண்டாவது கியர் விழுந்தால் எஞ்சின் தப்பாது. எஞ்சினையும் பாக்ஸையும் நேரடியாகப் பூட்டும் லாக்கப்புக்கும் ஒரு சுவிட்ச் வைத்து, அதை அணைக்காமல் சிக்னலில் நின்றால், கிளச் மிதிக்காமல் நிறுத்திய மேனுவல் வண்டி மாதிரி எஞ்சின் செத்துவிடும்.

<b>கடையில் பார்க்க வேண்டியவை</b>

எண்ணெய்ச் சட்டியைக் கழற்றிப் பார்க்க அனுமதிக்காத கடையில் வாங்க வேண்டாம். காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மெல்லியதாக இருந்தால் இயல்பு. மினுமினுக்கும் செதில், பித்தளைத் துண்டு, கருகிய வாடை இருந்தால் நகருங்கள். எண்ணெய் இளஞ்சிவப்புப் பால் மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2021 டிசம்பர் வெள்ளம் மாதிரி ஒன்றில் முழுகிய உள்ளூர் வண்டியின் பாக்ஸாக இருக்கலாம். தண்ணீர் பட்டால் கிளச் தட்டின் லைனிங் ஒட்டு விடும். எண்ணெய் மாற்றினால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பாக்ஸோடு சேர்த்து வாங்க வேண்டியவை: அதே பாக்ஸின் டார்க் கன்வர்ட்டர் (எஞ்சினின் விசையை எண்ணெய் வழியாகப் பாக்ஸுக்குக் கடத்துவது), அதை எஞ்சினோடு இணைக்கும் ஃபிளெக்ஸ்பிளேட்டும் அதன் போல்ட்டுகளும், ஸ்டார்ட்டர், டிப்ஸ்டிக் குழாய், கூலர் குழாய்கள், கியர் லீவர், நியூட்ரல் சுவிட்ச், வேக சென்சார், பின் மவுண்டிங். வயரிங் கனெக்டரை வெட்டும்போது 30 செ.மீ. வயராவது விட்டு வெட்டச் சொல்லுங்கள். 5 செ.மீ. வால் விட்ட கனெக்டரில் வயர் ஒட்டிப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

பெல் ஹவுசிங் எஞ்சினுக்குப் பொருந்துமா என்பதை எஞ்சின் குறியீட்டை வைத்து உறுதி செய்யுங்கள். ஏ340 என்று பெயர் ஒன்றாக இருந்தாலும் பெட்ரோல் எஞ்சினுக்கு வந்ததும் டீசலுக்கு வந்ததும் முன்பக்கம் வேறு.

<b>மாட்டும்போது</b>

மேனுவல் வண்டியானால் கிராங்கின் முனையில் உள்ள பைலட் பேரிங்கை மறக்காமல் கழற்றுங்கள். கன்வர்ட்டரைச் சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ள வேண்டும், அது படிப்படியாக இறங்கும். முழுக்க இறங்காமல் போல்ட் போட்டு இழுத்தால் முன் பம்ப் நொறுங்கும். சரிபார்ப்பது எளிது: பெல் ஹவுசிங் எஞ்சினோடு கையாலேயே ஒட்டி உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகும் கன்வர்ட்டர் தாராளமாகச் சுழல வேண்டும், ஃபிளெக்ஸ்பிளேட்டுக்கு வர சில மி.மீ. முன்னால் இழுக்க வேண்டியிருக்க வேண்டும். போல்ட்டை முடுக்கித்தான் இடைவெளி மூடுகிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். பாக்ஸை எஞ்சினோடு நேராக நிறுத்தும் டவல் பின்கள் இரண்டும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

பழைய கூலரை அப்படியே இணைப்பதும் வழக்கமான தவறு. முந்தைய பாக்ஸ் கரைத்துவிட்ட பொடி அதில்தான் உட்கார்ந்திருக்கும். மேனுவலிலிருந்து மாறுகிறவருக்கு ரேடியேட்டரில் கூலரே இருக்காது. தனியாக ஒன்று போட்டாக வேண்டும். நம் வெயிலுக்கு, அதுவும் சாமான் ஏற்றிக் காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏறுகிறவருக்கு, எண்ணெய் வெப்பமானி ஆடம்பரம் இல்லை. 120 டிகிரியைத் தாண்டினால் ஓரம் கட்டி நியூட்ரலில் ஐடில் விடுங்கள்.

அதே மேட்டில் இன்னொன்று தெரியவரும். 265/70ஆர்16 டயர், டிஃப் (பின் அச்சின் டிஃபரென்ஷியல்) விகிதம் 4.1 என்று வைத்தால், 90 கி.மீ. வேகத்தில் மூன்றாவது கியரில் எஞ்சின் சுமார் 2,500 ஆர்பிஎம்மில் சுற்றும். நான்காவது கியரான 0.705 ஓவர்டிரைவில் சுமார் 1,775தான். டர்போ இல்லாத டீசல் அந்த இடத்தில் திணறும், பாக்ஸ் மூன்றுக்கும் நான்குக்கும் மாறி மாறித் தாவும். லீவரில் உள்ள ஓவர்டிரைவ் ஆஃப் பொத்தானுக்கு வயர் கொடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். அதைக் கொடுங்கள்.

பழைய ஏ340க்கு டெக்ஸ்ரான் 2 அல்லது 3 தர எண்ணெய். காலி பாக்ஸில் முதலில் நான்கு லிட்டர் ஊற்றி ஸ்டார்ட் செய்து, ஓடும்போதே கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரை எல்லா நிலைக்கும் கொண்டுபோய்த் திரும்புங்கள். அளவு பார்ப்பது எண்ணெய் 70–80 டிகிரியில் இருக்கும்போது, எஞ்சின் ஐடிலில், 'பி' நிலையில். மிட்சுபிஷி பாக்ஸ்கள் பலவற்றில் 'என்' நிலையில்தான் பார்க்க வேண்டும், எண்ணெயும் எஸ்பி-3.

கடைசியாகக் கைக்கடிகாரம். சூடான எஞ்சின், ஐடில், பிரேக்கில் கால். 'என்'னிலிருந்து 'டி'க்குத் தள்ளினால் 1.2 விநாடிக்குள் பாக்ஸ் பிடிப்பது உடம்பில் தெரிய வேண்டும், 'ஆர்'க்கு 1.5 விநாடிக்குள். தாமதமானால் முதலில் எண்ணெய் அளவு, அடுத்து கேபிள். பிறகுதான் சட்டியைக் கழற்ற ஸ்பேனரை எடுக்க வேண்டும்.