நிறுத்தி வைத்த காரில் பேட்டரி இறங்குகிறதா? கரண்ட் போகும் வழியைக் கண்டுபிடிக்கலாம்

இரண்டு நாள் நிறுத்தி வைத்த கார் செல்ஃப் எடுக்காமல் 'டக் டக்' என்கிறது. அவசரப்பட்டு புது பேட்டரி வாங்காதீர்கள். வண்டிக்குள் ஏதாவது ஒன்று கரண்டை இழுத்துக்கொண்டிருந்தால் புதுசும் இதே கதைதான்.

பூட்டிய காரும் கொஞ்சம் கரண்ட் எடுக்கும். கடிகாரம், ரிமோட் ரிசீவர் எல்லாம் சேர்த்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை சகஜம். 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி பாதி இறங்க, 50 மில்லி ஆம்பியரில் 350 மணி நேரம், அதாவது இரண்டு வாரம் ஆகும். அதுவே 500 என்றால் ஒன்றரை நாள்தான்.

முதலில் பேட்டரி. முழுசாகச் சார்ஜ் ஏற்றி, நெகட்டிவ் கிளாம்ப்பைக் கழற்றிவிட்டு (பல கார்களில் 10 நம்பர் ஸ்பேனர்) சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் வோல்ட் பாருங்கள். 12.6 பக்கம் இருக்க வேண்டும். ராத்திரி முழுக்க அப்படியே விட்டு, காலையில் 12.4-க்குக் கீழே போயிருந்தால் பேட்டரியே கெட்டுவிட்டது. நன்றாக இருந்தால் மாட்டிவிட்டு இன்ஜினை ஓட்டிப் பாருங்கள். 13.8 முதல் 14.5 வோல்ட் வரவில்லையென்றால் சார்ஜிங் கோளாறு. இரண்டும் சரியென்றால்தான் மேலே போக வேண்டும்.

காரைத் தூங்க வைப்பது. பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். பானெட்டையும் ஓட்டுநர் கதவையும் திறந்து வைத்து, அவற்றின் லாக்கை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி மூடிய நிலைக்குத் தள்ளுங்கள். கதவு மூடியிருப்பதாகக் கார் நம்பும். உள்ளே இருக்கும் பியூஸ் பெட்டியின் மூடியையும் இப்போதே கழற்றிவிடுங்கள். ரிமோட்டில் பூட்டி, சாவியை வீட்டுக்குள் வையுங்கள்.

பிறகு இரு முனையிலும் கிளிப் உள்ள ஒரு வயரை, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் அதில் மாட்டியிருக்கும் கேபிளின் உலோகப் பகுதிக்கும் நடுவே கவ்வவிட்டு, அதன் பிறகு கிளாம்ப்பைக் கழற்றுங்கள். கரண்ட் அறுபடாததால் கார் விழித்துக்கொள்ளாது. 30 நிமிடம் தொடாதீர்கள். பூட்டிய உடனே அளந்தால் சில ஆம்பியர்கூடக் காட்டும். அது கோளாறு அல்ல, ஈசியூக்கள் (காரின் குட்டி கம்ப்யூட்டர்கள்) இன்னும் விழித்திருக்கின்றன.

அளப்பது. மீட்டரின் சிவப்பு வயர் 10 ஆம்பியர் துளையில் இருக்கட்டும். மில்லி ஆம்பியர் துளையில் செருகினால் மீட்டருக்குள் இருக்கும் பியூஸ் போய்விடும். சிவப்பை கேபிளிலும் கருப்பை நெகட்டிவ் முனையிலும் வைத்து, கிளிப் வயரை எடுங்கள். 0.03 என்றால் 30 மில்லி ஆம்பியர், கவலையில்லை. 0.40 என்றால் திருடன் உள்ளேதான் இருக்கிறான். மீட்டர் இப்படி நடுவில் இருக்கும்போது இக்னிஷனைத் தொடவே கூடாது. ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மீட்டர் கருகிவிடும்.

எந்த லைன்? பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது பழைய முறை; திரும்பச் செருகும்போது கார் விழித்துக்கொள்ளும், மறுபடி அரை மணி நேரக் காத்திருப்பு. அதைவிட, கிளிப் வயரை மீண்டும் போட்டுவிட்டு, மீட்டரின் சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு மாற்றி, 200 மில்லி வோல்ட் டிசியில் வையுங்கள். ஒவ்வொரு பியூஸின் தலையிலும் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளைத் தொடுங்கள். 0.0 என்றால் அந்த லைனில் சொல்லும்படி எதுவும் ஓடவில்லை. 10 ஆம்பியர் மினி பியூஸின் தடை சுமார் 7 மில்லி ஓம். அதில் 2 மில்லி வோல்ட் காட்டினால் 300 மில்லி ஆம்பியர் அளவுக்கு ஓடுகிறது. அந்த பியூஸ் எதற்கு என்பது பெட்டி மூடியில் இருக்கும்.

டிக்கி விளக்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். 5 வாட் பல்பு 400 மில்லி ஆம்பியர் எடுக்கும். மொபைலில் வீடியோ ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடுங்கள். விளக்கு அணைகிறதா என்று தெரிந்துவிடும். அடுத்து, வெளியில் போட்ட ஸ்டீரியோ, டேஷ் கேமரா, ஜிபிஎஸ் டிராக்கர். சில மணி நேரம் கழித்தும் ஏதாவது ரிலே (கரண்டில் இயங்கும் சுவிட்ச்) கைக்குச் சூடாக இருந்தால் அது அணையாமல் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

எந்த பியூஸிலும் ஒன்றும் காட்டவில்லையா? பேட்டரியிலிருந்து நேராக இழுத்த வயர்களையும், இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும் பாருங்கள். நெகட்டிவை முழுசாகப் பிரித்த பிறகே ஆல்டர்னேட்டரின் தடித்த கேபிளைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி, பழையபடி தூங்கவிட்டு அளங்கள். கரண்ட் இறங்கிவிட்டால், கரண்ட் பின்னால் திரும்பாமல் தடுக்கும் ஆல்டர்னேட்டரின் டையோடு போயிருக்கிறது.

வேலை முடிந்ததும் லாக்கைத் திறந்த நிலைக்குக் கொண்டுவந்த பிறகே கதவையும் பானெட்டையும் மூடுங்கள். மறந்து அடித்துச் சாத்தினால் லாக் நெளிந்துவிடும்.