வன்னியில் குறைந்த காசுக்குப் பழைய கார் வாங்கப் போகிறீர்களா? பேப்பரில் இருந்து தொடங்குங்கள்

கையில் கொஞ்சக் காசை வைத்துக்கொண்டு கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் கார் தேடுகிற எல்லோருக்கும் முதலில் சொல்ல வேண்டியது, அவசரப்படாதீர்கள் என்பதுதான். கார் தட்டுப்பாடாக இருக்கும் காலத்தில் ஆட்களைக் கவிழ்ப்பது அந்த அவசரம்தான். "அண்ணை, காலமையும் ரெண்டு பேர் வந்து பாத்திட்டுப் போயிட்டினம், பின்னேரம் காசோட வருவினமாம்" என்று விற்கிறவர் சொன்னதும் பேப்பரைக் கூட விரித்துப் பார்க்காமல் அட்வான்ஸைக் கொடுத்துவிடுகிறோம். அந்த இரண்டு பேர் உண்மையாகவே வந்திருந்தாலும் பரவாயில்லை, அவர்கள் வாங்கட்டும், உங்களுக்கு வேறு ஒன்று வரும்.

ஏன் இந்தத் தட்டுப்பாடு? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் பாவனைக்கான கார் திரும்பவும் வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். நடுவில் 2022 இல் ரூபா விழுந்து, 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ஐத் தாண்டியது. ஐந்து வருடமாக நாட்டுக்குள் கிடந்த அதே கார்கள்தான் கைமாறிக் கைமாறி ஓடின. இப்போது கார் வருகிறது என்றாலும் அந்த வரியோடும் இந்த டொலர் விலையோடும் வருகிற கார் நம்மைப் போன்ற ஆட்களுக்கு எட்டாது, அதனால் மாருதி 800, பழைய நிசான் சனி, ரொயோட்டா கொரோலா, ஸ்ரார்லெற் இவற்றின் விலை இறங்கும் என்று காத்திருப்பதில் பெரிய பலன் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நான் பார்க்கும் ஒழுங்கு பேப்பர், பொடி, எஞ்சின். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணி, சத்தம் நல்லாயிருக்கு என்று மனதைக் கொடுத்துவிட்டு, பிறகுதான் பேப்பரைக் கேட்கிறார்கள், அந்த நேரம் மனது அந்தக் காரை ஏற்கனவே வீட்டு முற்றத்தில் கொண்டுபோய் விட்டிருக்கும். எஞ்சினைத் திருத்தலாம், தேவையென்றால் மாற்றவும் செய்யலாம். பொடி உக்கிப் போனால் திருத்தத் திருத்தக் காசு போகும். பேப்பர் பிழை என்றால் எந்தக் கராஜுக்கும் கொண்டுபோக ஏலாது.

சரி, பேப்பர். வாகனப் புத்தகத்தில், அதாவது சீஆரில், யாருடைய பெயர் கடைசியாக இருக்கிறது, உங்கள் முன்னால் நிற்கிறவர் அவர்தானா, அடையாள அட்டை இலக்கம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். லீசிங் எடுத்த வாகனம் என்றால் அறுதி உரிமையாளர் என்ற இடத்தில் கம்பனியின் பெயர் இருக்கும், கடன் கட்டி முடித்து அந்தப் பெயரை எடுக்கும் வரைக்கும் அது விற்கிறவருடைய கார் ஆகாது. "நான் கட்டி முடிச்சிட்டன், கடிதம் மட்டும் வர வேணும்" என்றால், கடிதம் வந்த பிறகு பேசுவோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வாகன இலக்கத்தைப் போட்டால் அறுதி உரிமையாளர், எஞ்சின் இலக்கம், தயாரித்த வருடம் போன்ற விபரங்களைப் பார்க்கலாம். போனில் செய்யக்கூடிய வேலை, பயணம் போக முன்னமே செய்யுங்கள்.

ஓப்பின் பேப்பர் விடயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பதிவு உரிமையாளர் உரிமை மாற்றப் படிவத்தில் வெறும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார், அதை வைத்துக்கொண்டு கார் மூன்று நான்கு கை மாறி வந்திருக்கும், ஒருவரும் தன் பெயருக்கு மாற்றியிருக்க மாட்டார்கள். நாடு முழுவதும் உள்ள பழக்கம்தான், ஆனால் வன்னியில் இதற்குப் பின்னால் வேறு கதைகளும் இருக்கின்றன. பதிவு உரிமையாளர் வெளிநாடு போயிருப்பார். அல்லது 2009 இல் இறந்திருப்பார். அல்லது காணாமல் ஆக்கப்பட்டவராக இருப்பார், வீட்டார் இன்றைக்கும் தேடிக்கொண்டிருப்பார்கள். கார் அவருடைய பெயரிலேயே நிற்கும். விற்கிற குடும்பம் நேர்மையானதாக, உண்மையாகவே கஷ்டத்தில் உள்ளதாக இருக்கலாம், அதைச் சந்தேகிக்கச் சொல்லவில்லை. ஆனால் இறந்தவர் கையெழுத்துப் போட மாட்டார், அவருடைய சொத்தை யார் எப்படி விற்கலாம் என்பதற்குச் சட்டப்படி வழி இருக்கிறது, அந்த வழியைக் காசு கொடுக்க முன்னம் சட்டத்தரணி ஒருவரிடமும் திணைக்களத்திலும் கேட்டு, அவர்கள் சொல்கிற பத்திரங்கள் கைக்கு வந்த பிறகுதான் வாங்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவருடைய அற்றோணித் தத்துவத்தோடு, அதாவது தன் சார்பில் செய்ய அவர் இன்னொருவருக்குக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தோடு விற்றால், அந்தத் தத்துவத்தில் வாகனம் விற்கும் அதிகாரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், கொடுத்தவரோடு வீடியோ கோலில் ஒருக்கா கதைத்தும் விடுங்கள். அவர் இறந்துவிட்டால் தத்துவமும் முடிந்துவிடும்.

பிறகு செஸி இலக்கம், எஞ்சின் இலக்கம். புத்தகத்தில் உள்ளதும் இரும்பில் அடித்ததும் ஒன்றாக இருக்க வேண்டும். போர் முடிந்த கையோடு மாத்தளன், முள்ளிவாய்க்கால் பக்கம் எத்தனை வாகனம் கைவிடப்பட்டுக் கிடந்தது என்று நம் எல்லோருக்கும் தெரியும், அவற்றில் இருந்து கழற்றிய பாகங்கள் பல வாகனங்களுக்குள் போயிருக்கலாம். செஸி இலக்கம் அடித்த தகட்டைச் சுற்றி வெல்டிங் அடையாளமோ, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ரோ இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். எஞ்சின் மாற்றியிருந்தால் அது புத்தகத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும், பெற்றோல் காருக்கு டீசல் எஞ்சின் போட்டிருந்தாலும் அப்படித்தான். வாகன வருமான அனுமதிப் பத்திரம் எத்தனை வருடமாகப் புதுப்பிக்கவில்லை என்று கேளுங்கள், பழைய நிலுவையும் தண்டமும் உங்கள் தலையில்தான் வரும், அதை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, தயாரித்த வருடம் வேறு, இங்கே பதிந்த வருடம் வேறு. வெளிநாட்டில் ஓடி வந்த கார் பதிந்த வருடத்தை விடப் பல வருடம் பழசாக இருக்கலாம், விளம்பரத்தில் எதைப் போட்டிருக்கிறார்கள் என்று கவனியுங்கள்.

பொடியைப் பார்க்கப் போகும்போது காலமை வெளிச்சத்தில் போங்கள், இரவில் லைற் அடித்துப் பார்த்து வாங்காதீர்கள். முல்லைத்தீவு, மன்னார்க் கரையோரம் ஓடிய கார் என்றால் உப்புக் காற்றில் கறள் பிடித்திருக்கும். கதவின் அடிப்பாகம், சில்லுக்கு மேலே உள்ள வளைவு, டிக்கியில் ஸ்பெயார் சில்லை எடுத்துவிட்டு அதன் கீழ், கார்ப்பெற்றைத் தூக்கிவிட்டுத் தரை, இவ்வளவையும் கையால் தட்டிப் பாருங்கள். ஒரு சின்னக் காந்தத்தைச் சீலையில் சுற்றிக்கொண்டு போனால் நல்லது, பட்டி தடித்துப் பூசிய இடத்தில் அது ஒட்டாது. மேலே உள்ள கறளுக்குப் பயப்படத் தேவையில்லை. ஸ்குறூ டிறைவரால் அழுத்தினால் உள்ளே போகிற கறள்தான் பயம், அதுவும் சொக் அப்சோபர் பூட்டிய இடத்திலோ செஸியிலோ இருந்தால் வேண்டவே வேண்டாம்.

வெள்ளத்தில் நின்ற கார் தனிப் பிரச்சினை. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தன, 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு நாட்டின் பல பகுதிகள் தண்ணீருக்குள் போயின, கண்டி, கம்பஹா, கொழும்புப் பக்கக் கார்களும் அதில் அடக்கம். அந்தக் கார்களைக் கழுவி, சீற் உறை மாற்றி, வாசனை அடித்து விற்றால் வெளியே ஒன்றும் தெரியாது. சீற் பெல்ற்றை முழுக்க வெளியே இழுத்துப் பாருங்கள், அடிப்பக்கத்தில் சேற்றுக் கோடு இருக்கும். சீற்றின் கீழுள்ள ஆணிகள் கறள் பிடித்திருக்கும். முன் லைற்றுக்குள் தண்ணீர் ஆவி படிந்து நிற்கும். புது மொடல் கார்களில் இதன் பலன் உடனே தெரியாது, சில மாதம் கழித்து வயறிங்கில் ஒவ்வொன்றாகத் தொடங்கும்.

எஞ்சினுக்கு ஒரு நல்ல மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவருடைய ஒரு நாள் கூலியையும் சாப்பாட்டையும் கொடுங்கள். விற்கிறவர் தருகிற மெக்கானிக் வேண்டாம். போக முன்னம் போன் எடுத்து, "நாங்கள் வரும் வரைக்கும் ஸ்ரார்ட் பண்ணாதேங்கோ" என்று சொல்லுங்கள், போனதும் பொனற்றைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மையைச் சொல்லும். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை தொடர்ந்து வந்தால் தண்ணீர் எரிகிறது, ஹெட் கஸ்கற் போயிருக்கலாம். குளிர்ந்திருக்கும்போதே றேடியேற்றர் மூடியைத் திறந்து உள்ளே ஒயில் மிதக்கிறதா, ஒயில் மூடியின் அடியில் பால் போல ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வன்னிக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் சுண்ணாம்புத் தண்ணீர், அதையே வருடக்கணக்காக றேடியேற்றருக்கு விட்டு உள்ளே கல் பிடித்துப் போன கார்கள் நிறைய. சித்திரை வெயிலில் ஏசியைப் போட்டுக்கொண்டு மாங்குளத்தில் இருந்து வவுனியாவுக்கு ஓடினால் எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி மேலே ஏறும்.

ஓடிப் பார்க்கும்போது ஏ9 இல் மட்டும் ஓடிவிட்டு வராதீர்கள். கார்ப்பெற் றோட்டில் எல்லாக் காரும் நல்ல கார்தான். உள்ளே ஒரு கிரவல் றோட்டில் விடுங்கள், அக்கராயனோ வட்டக்கச்சியோ மல்லாவியோ, அங்கேதான் புஷ், சொக், ஸ்ரேரிங் எல்லாம் சத்தம் போடும். ஸ்ரேரிங்கை முழுக்கத் திருப்பிக்கொண்டு மெதுவாக ஓட்டும்போது டக் டக் என்றால் முன் அச்சில் வேலை இருக்கிறது. கைபிரேக்கை இழுத்து, மூன்றாம் கியரில் கிளச்சை மெதுவாக விட்டால் எஞ்சின் நின்றுவிட வேண்டும், நிற்காமல் இரைந்துகொண்டிருந்தால் கிளச் முடிந்துவிட்டது. மீற்றரை நம்ப வேண்டாம், பெடல் றப்பரையும் ஸ்ரேரிங் தேய்வையும் நம்புங்கள். ரயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது கிழமை செய்தது. ரயர்ப் பூ, அதாவது றோட்டில் படும் பக்கத்து வெட்டு, நிறைய இருக்கிறது என்று காட்டுவார்கள், ஆனால் பழைய ரயர் வெயிலில் வெடிக்கும்.

எந்த மொடல் என்று கேட்பவர்களுக்கு என் பதில், உங்கள் ஊர் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டக்கூடிய மொடல். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் கொஞ்சப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய இடம் இது, காபரேற்றர் எஞ்சினுக்கு இங்கே கைதேர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாருதி 800 க்கும் பழைய சனிக்கும் கொரோலாவுக்கும் சாமான் கிடைக்கும். குறைந்த விலைக்கு வருகிற பழைய ஹைபிறிட் கார்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், பற்றரி போனால் நீங்கள் சேர்த்த காசில் பெரும்பங்கு அதற்கே போகும். துணுக்காய், நெடுங்கேணி போன்ற இடங்களில் இருப்பவர்கள் காரைத் தேடுவது பெரும்பாலும் நடுச்சாமத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகவும் பிள்ளைகளை மழையில் ஏற்றி இறக்கவும்தான், அதற்கு அழகை விட, திருப்பினால் உடனே ஸ்ரார்ட் ஆகிற கார்தான் வேண்டும்.

தேடும் இடத்தை விரியுங்கள். இக்மன், ரியசேவன என்ற இரண்டு விளம்பர இணையத்தளங்களிலும் தினம் பாருங்கள், ஊர்ப் பெட்டிக்கடையிலும் கராஜிலும் சொல்லி வையுங்கள், நல்ல கார் பல நேரம் விளம்பரத்துக்கே வராமல் கராஜில் வைத்தே விலைப்படும். தரகரின் கொமிசனை முதலே பேசிக்கொள்ளுங்கள். குருநாகல், நீர்கொழும்பு வரைக்கும் போய்ப் பார்க்கலாம், ஆனால் காரைப் பார்க்காமல் வங்கிக் கணக்குக்கு அட்வான்ஸ் போடச் சொன்னால் அந்தப் பேச்சை அதோடு நிறுத்துங்கள், விலை குறைவாக இருந்தால் இன்னும் உறுதியாக நிறுத்துங்கள். காலத்தையும் பாருங்கள். காலபோக அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் மாசி, பங்குனியிலும், வெளிநாட்டு உறவுகள் வந்து நிற்கும் ஆடி, ஆவணியிலும் விலை இறுகி நிற்கும். விதைப்புக்கு முன், உரத்துக்கும் விதைநெல்லுக்கும் காசு தேவைப்படும் புரட்டாதி, ஐப்பசியில் விற்கிறவர்கள் கொஞ்சம் இறங்கி வருவார்கள், ஆனால் அவர்களும் நம்மைப் போன்ற கமக்காரர்தான், கழுத்தைப் பிடிக்கிற விலை கேட்காதீர்கள்.

பேசி முடிந்ததும் விற்பனை உடன்படிக்கையில் திகதியோடு நேரத்தையும் எழுதுங்கள், அன்று பின்னேரம் விபத்தோ தண்டமோ வந்தால் யாருடைய பொறுப்பு என்பதில் சண்டை வராது. அடையாள அட்டைப் பிரதி, புகைப் பரிசோதனைப் பத்திரம், மேலதிகச் சாவி எல்லாம் வாங்கிக்கொள்ளுங்கள். காப்புறுதியை உங்கள் பெயருக்கு எடுத்த பிறகு றோட்டில் இறக்குங்கள், உரிமை மாற்றத்தை அந்தக் கிழமையே தொடங்குங்கள்.

உள்ள காசு முழுவதையும் காருக்கே கொடுத்துவிட வேண்டாம். ஒரு பங்கை ஒதுக்கி வைத்து எஞ்சின் ஒயில், பில்ரர், பிரேக் ஒயில், கூலன்ற் எல்லாவற்றையும் முதல் கிழமையிலேயே மாற்றுங்கள். ரைமிங் பெல்ற் உள்ள எஞ்சின் என்றால், எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு காட்டாத வரைக்கும் அதுவும் மாற்ற வேண்டியதுதான், அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் சேர்ந்து போகும். றேடியேற்றருக்கு இனிக் கிணற்றுத் தண்ணீர் விடாதீர்கள்.